என்ன குறை என்று கேட்பவர்களுக்கு

மனச்சோர்வு என்றதும் பலருடைய மனத்தில் எழுவது, மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் ஒருவரின் உருவம். அந்த நோய் என்னிடம் இருந்த காலத்தில் நான் அழுததாக நினைவில்லை. சிங்கப்பூரில், துவாஸ் பக்கத்தில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலைக்கு ஒழுங்காகப் போய்வந்தேன். வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் துணைப்பாடக் கட்டணத்தையும் தேதி தவறாமல் கட்டினேன். உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குப் போய் மொய் எழுதினேன். படமெடுக்கும்போது வரிசையில் நின்று சிரித்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் என் வீட்டாருக்கும் எனக்கும் அது இன்னதென்று பிடிபட இவ்வளவு காலம் ஆனது என்று இப்போது நினைக்கிறேன். கடமை உணர்ச்சி மிகுந்த குடும்பங்களில் கடமைதான் கடைசியாக விழுகிறது; அதற்கு வெகு முன்பாகவே விழுந்துவிட்டவற்றை யாரும் கணக்கெடுப்பதில்லை.

என்னிடமிருந்து முதலில் விழுந்தவை யாருக்கும் நட்டம் தராத சிறு விருப்பங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசூனிலிருந்து ரயிலேறித் தேக்கா சந்தைக்குப் போய், மீன்காரரிடம் விலை பேசி, வெட்டி வாங்கி வந்து நானே குழம்பு வைப்பது பல ஆண்டுப் பழக்கம். அது நின்றது. கேட்டவர்களிடம் கூட்டம் அதிகம் என்றேன், மீன் விலை ஏறிவிட்டது என்றேன். இரண்டும் உண்மைதான் என்பதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. காரில் ஒலி 96.8 வானொலியைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போவேன். பாட்டு இரைச்சலாகப் படத் தொடங்கியதும் அணைத்துவிட்டு ஓட்டினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் படிக்கப்படாமல் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. இவற்றில் எதையும் தனியாக எடுத்துக்கொண்டு நோய் என்று சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து, முன்பிருந்த ஆளுக்கும் இப்போதிருக்கும் ஆளுக்கும் இடையே ஓர் இடைவெளியைக் காட்டும்போதுதான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து உடம்பு பேசத் தொடங்கியது. விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கு விழிப்புத் தட்டும். அதன் பிறகு தூக்கம் வராது. பிடரியிலும் தோளிலும் வலி, வயிற்றில் எப்போதும் ஓர் உப்புசம், எழுந்தவுடனேயே நாள் முழுவதும் உழைத்துவிட்டது போன்ற அசதி. மருத்துவரிடம் போகாமல் இல்லை. பக்கத்துப் பேட்டை மருந்தகத்தில் வலி மாத்திரை கொடுத்தார்கள், இரைப்பைக்கு மாத்திரை கொடுத்தார்கள், ஒரு முறை இதயத்துக்கான சோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். முடிவுகளில் குறை எதுவும் இல்லை. அந்த மருத்துவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டது வலியைப் பற்றி, நான் சொன்னதும் வலியைப் பற்றியே. நம்மவர்கள், குறிப்பாக என் வயதை ஒத்த ஆண்கள், மனத்தில் உள்ளதை உடம்பின் வழியாகவே மருத்துவரிடம் கொண்டுபோகிறோம். முதுகுவலி என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை அல்லவா?

மூன்றாவது அறிகுறியைப் பிறர்தான் பார்த்தார்கள்: எரிச்சல். சோகம் வராத இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. மகள் தட்டைச் சற்று ஓசையுடன் வைத்தால் கத்தினேன். கிடங்கில் இளைஞர்கள் ஒரு பட்டியலைத் தவறாக அச்சிட்டதற்கு அந்தத் தவற்றின் அளவுக்குப் பொருந்தாத கடுமையுடன் பேசினேன். இரவில் இரண்டு பீர் குடித்தால் தூக்கம் வரும் என்று தோன்றியது. மது தூக்கத்தைத் தொடங்கிவைத்துப் பின்னிரவில் கலைத்துவிடும் என்பதும், மனச்சோர்வை மேலும் ஆழமாக்கும் என்பதும் மருத்துவ உலகில் நன்றாகத் தெரிந்த செய்திகள். குடிப்பவரைப் பார்த்து நம் சமூகம் குடியைத்தான் பேசும். அதன் அடியில் வேறொன்று இருக்கலாம் என்று கேட்பவர்கள் குறைவு.

இந்தக் கட்டத்தில்தான் ஈப்போவிலிருந்து வந்திருந்த அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். “தம்பி, உனக்கு என்னப்பா குறை? வீடு இருக்கு, வேலை இருக்கு, பிள்ளைங்க நல்லாப் படிக்குதுங்க.” அன்போடுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் குற்ற உணர்ச்சி கூடியது. குறை இருப்பவர்களுக்குத்தான் மனச்சோர்வு வரும் என்றால், குறையில்லாத எனக்கு வந்திருப்பது சோம்பல் அல்லது நன்றிகெட்டத்தனம் என்றாகிவிடுகிறது. உண்மையில் இந்த நோய்க்கு எப்போதும் வெளிக்காரணம் தேவைப்படுவதில்லை. பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. நீண்ட கால மன அழுத்தத்துக்கும், இழப்புகளுக்கும், தைராய்டு சுரப்புக் குறைவுக்கும், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்களுக்கும், பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய மாற்றங்களுக்கும் பங்குண்டு. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும், மனச்சோர்வு வந்தவர் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் திணறுவார் என்பதையும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சாதாரண வருத்தத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் நான் எண்ணியதைவிடத் தெளிவானது. நாளின் பெரும்பகுதி தாழ்ந்த மனநிலை, எதிலும் ஈடுபாடோ மகிழ்ச்சியோ இல்லாமை ஆகிய இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். அவற்றோடு தூக்கத்தில் மாற்றம், பசியிலோ உடல் எடையிலோ மாற்றம், ஓயாத அசதி, கவனக்குறைவு அல்லது முடிவெடுக்க முடியாமை, தான் பயனற்றவன் என்ற எண்ணம் அல்லது மிகையான குற்ற உணர்ச்சி, பேச்சும் அசைவும் பிறர் கவனிக்கும் அளவுக்கு மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் ஒன்பது. இவற்றில் குறைந்தது ஐந்து, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, வாழ்க்கையைப் பாதிக்குமானால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். மேலே சொன்ன இரண்டில் ஒன்று போதும் என்பதைக் கவனியுங்கள். சோகமே இல்லாமல், ஈடுபாடு மட்டும் வற்றிப்போய், ஒருவருக்கு மனச்சோர்வு இருக்க முடியும். எனக்கு இருந்தது அதுதான்.

இது அரிய நோயும் அன்று. 2016இல் நடத்தப்பட்ட சிங்கப்பூர் மனநல ஆய்வு, இங்குள்ள பெரியவர்களில் 6.3 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளானதாகக் கண்டறிந்தது. 2010இல் நடந்த முதல் ஆய்வில் அது 5.8 விழுக்காடாக இருந்தது. ஏறக்குறைய பதினாறு பேரில் ஒருவர். ஒரு புளோக்கின் ஒரே ஒரு மாடியில் இருக்கும் வீடுகளை எண்ணிப் பார்த்தாலே போதும்.

இருந்தும் போகத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் மனநல மருத்துவம் என்றால் என் தலைமுறையினருக்கு நினைவுக்கு வருவது உட்பிரிட்ஜ். 1928இல் இயோ சூ காங் பகுதியில் திறக்கப்பட்டு, 1951இல் அந்தப் பெயரைப் பெற்ற மருத்துவமனை அது. நாங்கள் பள்ளியில் படித்தபோது ஒருவரையொருவர் கேலி செய்யப் பயன்பட்ட பெயர். பெரியவர்களும் பிள்ளைகளை மிரட்ட அதைத்தான் சொன்னார்கள். 1993இல் அது புவாங்கோக்கில் புதிய வளாகத்துக்கு மாறி மனநலக் கழகமாக இயங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும், அங்கே ஒரு முறை போனால் பெயர் கெட்டுவிடும், பிள்ளைகளுக்கு வரன் அமையாது, வேலை போய்விடும் என்ற அச்சம் நம் வீடுகளில் இன்னும் குடியிருக்கிறது. அந்த அச்சத்தோடு வாதாடுவதைவிட, பெரும்பாலோருக்கு முதல் வாசல் அதுவாக இருக்க வேண்டியதே இல்லை என்று சொல்வது பயனுள்ளது. இரத்த அழுத்தத்துக்கும் சளிக்கும் போகும் அதே பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்), அதே நாற்காலிகளில் காத்திருந்து, மனச்சோர்வுக்கும் மருத்துவரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே சலுகைக் கட்டணத்தில் நிபுணரிடம் அனுப்புவார்கள். கடும் மனச்சோர்வு 2009ஆம் ஆண்டிலேயே நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டதால், நீரிழிவுக்குப் போலவே இதற்கும் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பாகிய மெடிசேவ் பணத்தை ஒரு வரம்புக்குள் பயன்படுத்தலாம்.

என்னை அங்கே அழைத்துப்போனது என் மனைவி. அவர் என்னோடு வாதாடவில்லை. “உடம்புல ஒண்ணும் இல்லைன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. அப்ப மனசையும் ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாங்க, நானும் கூட வரேன்” என்று மட்டும் சொல்லி, முன்பதிவையும் அவரே செய்தார். மருத்துவரின் அறையில், நான் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம், தேக்கா போவதை நிறுத்தியதிலிருந்து விடியற்காலை விழிப்பு வரை, தேதி வாரியாக எழுதி வைத்திருந்த குறிப்பேட்டிலிருந்து படித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. மருத்துவருக்கோ அதுதான் தேவைப்பட்டது. துணைக்குப் போகிறவர்கள் இதைச் செய்யலாம்: எப்போதிலிருந்து, எது நின்றது, தூக்கமும் சாப்பாடும் எப்படி மாறின, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார், குடி உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். மனச்சோர்வில் இருப்பவருக்கு நினைவாற்றலும் மந்தமாகவே இருக்கும். அறைக்குள் போனதும் “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

மருத்துவர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தந்தார். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வோர் அறிகுறியும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மிதமான மனச்சோர்வு இருக்கலாம் என்றும், இருபதைத் தொட்டால் கடுமையானது என்றும் கொள்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து அவர் முடிவு கட்டவில்லை. தைராய்டு, இரத்தச் சோகை, சர்க்கரை ஆகியவற்றுக்கு இரத்தம் எடுத்தார்கள். தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் செலவோடும் திரிந்த காலம் எப்போதாவது இருந்ததா என்றும் விசாரித்தார். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் அவர் எதிர்முனைக்குத் தள்ளப்படலாம் என்பதால் அந்தக் கேள்வி முக்கியமானது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் பாதியில் கைவிடுவது இங்கேதான். எனக்கு முதலில் தரப்பட்டது ஃபுளுவோக்செட்டின். மூளையில் செரோடோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. தூக்க மாத்திரையைப் போல அன்றிரவே வேலை செய்யும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிறு மாற்றம் தெரியத் தொடங்கும்; முழுப் பயனை மதிப்பிட ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். கொடுமை என்னவென்றால், பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன: குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, ஒருவகைப் பதற்றம். அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் தணியும். தாம்பத்திய ஆசை குறைவது மட்டும் நீடிக்கலாம். அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையையே தூக்கி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டாரும் மருத்துவரும் கண்காணிக்க வேண்டும்.

முதல் மருந்து எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. அமெரிக்காவில் நடந்து 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதலில் கொடுத்த மருந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே அறிகுறிகள் முழுமையாக நீங்கின. எனக்கும் அது போதவில்லை. பிறகு வேறொன்றுக்கு மாற்றினார்கள், அது பொருந்தியது. இந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோம் என்று என் அக்கா உட்படப் பலர் எச்சரித்தார்கள். மதுவையோ சில தூக்க மாத்திரைகளையோ போல, மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையை இவை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், மின்னதிர்வு போன்ற உணர்வு, பதற்றம் எல்லாம் வரும். எனவே படிப்படியாகக் குறைக்க வேண்டும். குணமானதாகத் தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடரச் சொல்கிறார்கள், ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் நோய் மிக எளிதாகத் திரும்புகிறது.

மருந்தோடு உளவியலாளரிடமும் போனேன். வேலையில் நாள் முழுவதும் ஆங்கிலம் பேசுகிறவன்தான் நான். ஆனால் என் அப்பாவைப் பற்றியும் என் கோபத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசியபோது, வேறொருவரின் கோப்பைப் படிப்பதுபோல் இருந்தது. தமிழ் பேசும் ஆலோசகர் கிடைப்பாரா என்று கேட்டேன். காத்திருப்பு நீளும் என்றார்கள், காத்திருந்தேன். தயங்காமல் கேளுங்கள் என்றே மற்றவர்களுக்கும் சொல்வேன். அப்படிக் கிடைத்த ஆலோசகர் அம்மா என் குழந்தைப் பருவத்தைத் தோண்டவில்லை. ஒரு வாரத்துக்கான அட்டவணை போடச் சொன்னார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய்விட்டு வர வேண்டும், மீன் வாங்காவிட்டாலும் பரவாயில்லை என்றார். விருப்பம் வந்த பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் மனச்சோர்வில் அது வராது. செயலை முதலில் வைத்தால் விருப்பம் பின்னால் வரக்கூடும் என்பது இந்தச் சிகிச்சை முறையின் அடிப்படை. முதல் சில வாரங்கள் சந்தைக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். என்னவோ பள்ளிக்கூட வீட்டுப்பாடம் போலத்தான் இருந்தது. ஆனாலும் அது வேலை செய்தது.

சாவைப் பற்றிய எண்ணத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒன்பது கேள்விகளில் கடைசியானது அதுதான். மருத்துவர் அதைக் கேட்டபோது என் மனைவி பக்கத்திலிருந்தார், நான் “சில நேரம்” என்றேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள். நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பதில் மனநல மருத்துவர்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் நெஞ்சின் பாரம் சற்று இறங்குகிறது. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் வழக்கு என்று இன்னமும் நினைத்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் அது இங்கே குற்றமில்லை. எஸ்ஓஎஸ் எனப்படும் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767, மனநலக் கழகத்தின் 6389 2222 ஆகிய இரண்டு எண்களும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகின்றன. 2025இல் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் வந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. என் அத்தை எனக்காக வீரமாகாளியம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டார், நானும் போனேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்தக் கூட்டத்தில் நின்றபோது எனக்காக ஒருவர் வேண்டிக்கொள்கிறார் என்பது தெரிந்தது. செய்வினை என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் வந்தால் மட்டும் அவர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

வேலையிடத்தில் சொல்லலாமா என்பது கடினமான கேள்வி, அதற்கு ஒரே விடை கிடையாது. மருத்துவ விடுப்புச் சான்றிதழில் பொதுவாக நோயின் பெயர் இருக்காது. வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம், வேலைக்குத் தேவைப்பட்டாலன்றி, மனநல வரலாற்றைக் கேட்கக்கூடாது என்று 2020இலேயே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பின் வழிகாட்டி நெறிமுறைகள் திருத்தப்பட்டன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டம், மனநலக் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான பாதுகாப்பைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. நான் என் மேலாளரிடம் சொன்னேன், இரவு முறையிலிருந்து சில மாதங்களுக்கு விலக்குத் தந்தார். எல்லா மேலாளர்களும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் என் கிடங்கிலேயே தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்த தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், நான் விஷயத்தைச் சொன்ன சில வாரங்களுக்குப் பிறகு, சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அண்ணே, எனக்கும் அப்படித்தான்ணே இருக்கு” என்றார். ஊரில் முகவருக்குக் கட்டிய கடன், தங்கையின் திருமணம், மாதக்கணக்கில் சரியாகத் தூங்காதது எல்லாம் பிறகு வந்தன. அவருக்கு மெடிசேவ் இல்லை, பலதுறை மருந்தகத்தில் சலுகைக் கட்டணமும் இல்லை. முதலாளிகள் கட்டாயமாக எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையையும் பகல்நேர அறுவைச் சிகிச்சையையும்தான் உள்ளடக்குகிறது. தொடர்ந்து மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்குவதற்கு அதில் உறுதி இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்ற அவருடைய பயத்தை வெறும் கற்பனை என்று என்னால் தள்ள முடியவில்லை. எனக்குத் திறந்திருந்த கதவுகளில் பாதி அவருக்கு மூடியிருந்தன. வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவமும் மனநல ஆலோசனையும் அளிக்கும் ஹெல்த்சர்வ் என்ற அறநிறுவனத்துக்கு அவரோடு ஓய்வுநாளில் நானும் போனேன். போகும் வழியில், என் மனைவி செய்ததைப் போலவே, எப்போதிலிருந்து என்னென்ன நின்றுபோயின என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். முதலில் சொன்னது ஊருக்குக் காணொளி அழைப்பில் பேசுவதை. அதற்கடுத்து, வாரக் கடைசியில் கிரிக்கெட் ஆடப் போவதை.